நோட்டோடு வரும் நர்ஸம்மா எதற்கு வருகிறார்? வேலூர் சமுதாய சுகாதாரம்: கேள்வி பதில்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், அதாவது சி.எம்.சி.யின், சமுதாய சுகாதாரப் பிரிவுகள் பற்றியும், நம் ஊர்களில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிகள் பற்றியும் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் சமுதாய சுகாதாரச் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கல்லூரியின் சார்பில் இதை எழுதவில்லை. களத்தில் பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். மருந்து, மாத்திரை விஷயத்தில் நேரில் பார்க்கும் டாக்டர் சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி (காட்பாடி): சி.எம்.சி. என்றாலே டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிதான் தெரியும். சாட், ரூசா என்கிறார்களே, அவை தனி ஆஸ்பத்திரிகளா? அரசாங்கத்துடையதா?

அரசாங்கத்துடையது இல்லை. சி.எம்.சி. தனியார் கல்லூரி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சாட், ரூசா இரண்டும் அதன் பிரிவுகள்.

சாட் பாகாயத்தில், கல்லூரி வளாகத்தை ஒட்டி இருக்கிறது. சமுதாய மருத்துவத் துறை அதை நடத்துகிறது. கணியம்பாடி ஒன்றியம் அதன் களம். ரூசா 1977-ல் கே.வி.குப்பம் ஒன்றியத்துக்காகத் தொடங்கியது. அங்கே வைத்தியத்தோடு தொழிற்பயிற்சி, முதியோர் நலம் என்று மற்ற வேலைகளும் உண்டு. நகரத்தின் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த செலவில் பார்க்கும் பிரிவு ஒன்று 1982 முதல் தனியாக நடக்கிறது. சளி, காய்ச்சல், சுகர், பிரஷர், சாதாரணப் பிரசவம் இவற்றுக்கெல்லாம் விடியற்காலையில் டவுன் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று கேட்டுக்கொண்டு முதலில் அங்கே போங்கள். பெரிய ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் அவர்களே எழுதி அனுப்புவார்கள்.

ஊரைத் தேடிப் போவது இங்கே புதிதாக வந்த பழக்கமும் இல்லை. சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1909 வாக்கிலேயே குடியாத்தம் சாலையில் அங்கங்கே மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள்தான் அதிகம் என்பதை அந்த அம்மா அப்போதே பார்த்துவிட்டார்.

கேள்வி (கணியம்பாடி அருகே ஒரு கிராமம்): எங்கள் தெருவுக்கு நர்ஸம்மா அடிக்கடி வருகிறார். யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் முழுகாமல் இருக்கிறார், யார் இறந்தார், யார் ஊரை விட்டுப் போனார் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகிறார். ஊசி போடுவது சரி, இதெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வி எத்தனையோ திண்ணைகளில் என்னிடமும் வந்திருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணியம்பாடி ஒன்றியத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். ஒவ்வொரு கிராமத்திலும் அந்த ஊரைச் சேர்ந்த ஒரு பெண் சுகாதாரப் பணியாளர் இருப்பார். அவருக்கு மேல் ஹெல்த் எய்டு, அதற்கு மேல் நர்ஸ், அப்புறம் டாக்டர். கீழே எழுதுவதை மேலே இருப்பவர் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பார். பிறப்பு, இறப்பு, கல்யாணம், கர்ப்பம், தடுப்பூசி எல்லாம் அந்த நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். இப்படி வீடு வீடாக, வருடம் தவறாமல் கணக்கு வைத்திருக்கும் ஊர்கள் இந்தியாவில் மிகவும் குறைவு.

முதல் பயன் நேரடியானது. கல்யாணமான வீடு என்று தெரிந்தால் கர்ப்பம் மூன்றாவது மாதத்திலேயே தெரிந்துவிடும். ரத்தசோகையோ பிரஷரோ இருந்தால் அப்போதே பிடித்துவிடலாம். எட்டாம் மாதத்தில் முகம் வீங்கி, தலைவலியோடு வரும் பெண்ணைக் காப்பாற்றுவது கஷ்டம். நான்காம் மாதத்திலிருந்தே பிரஷர் பார்த்து வந்த பெண்ணுக்கு அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்ளலாம். ஊரை விட்டுப் போனவர்களை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தின் குழந்தைக்குத்தான் பெரும்பாலும் ஊசி விட்டுப்போகும்.

இரண்டாவது பயன் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் மட்டும்தான் இருப்பார். வீட்டிலேயே இறந்தவர், வழியிலேயே இறந்தவர், அவசரமாக எரித்துவிட்டு ‘காய்ச்சல்’ என்று சொல்லப்பட்டவர், இவர்கள் யாரும் அதில் இருக்க மாட்டார்கள். தெருவில் எழுதிய நோட்டில் இருப்பார்கள். அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள், புரியும்.

கேள்வி (ஊர் பெயர் வேண்டாம் என்றார்): எங்கள் வீட்டில் ஒரு தற்கொலை நடந்தது. சில வாரம் கழித்து நர்ஸ் வந்து எப்படி, என்ன என்று கேட்டார். அம்மாவுக்கு அழுகையும் கோபமும் வந்துவிட்டது. துக்க வீட்டில் இதைக் கேட்கத்தான் வேண்டுமா?

உங்கள் அம்மாவின் கோபம் நியாயமானதுதான். கேட்கும் விதம் சரியாக இல்லையென்றால் அது கொடுமை. உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அழுதால் அழ விட்டு, ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் எழுந்து வந்துவிட வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

எதற்காகக் கேட்கிறார்கள் என்று சொல்கிறேன். இறந்தவர் வீட்டாரிடம் விசாரித்துச் சாவின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது. கணியம்பாடி ஒன்றியத்தில் 1994 முதல் 1999 வரை இப்படி எழுதியதைக் கூட்டிப் பார்த்தபோது, லட்சம் பேருக்கு ஆண்டுக்கு சராசரியாக 95 பேர் தற்கொலையில் இறந்திருந்தார்கள். நாட்டின் அரசுக் கணக்கு அப்போது லட்சத்துக்குப் பத்து, பதினொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2003-ல் இது பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அடுத்த ஆண்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கணக்கு இன்னும் வலிக்கும். 10 முதல் 19 வயதுப் பெண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 148 பேர். அதே வயதுப் பையன்களில் 58.

கேஸ் ஆகிவிடும், தங்கச்சிக்கு வரன் வராது, ஊர் பேசும். இப்படித்தான் அந்தச் சாவுகள் ‘வயிற்று வலி’ என்றும் ‘காய்ச்சல்’ என்றும் மறைந்துபோயிருந்தன. எங்கள் பெண் பிள்ளைகள் இத்தனை பேர் இப்படிப் போகிறார்கள் என்று உலகத்துக்கே தெரிந்தது, உங்கள் அம்மாவைப் போன்ற எத்தனையோ அம்மாக்கள் அழுதுகொண்டே பதில் சொன்னதால்தான். நர்ஸிடம் சொன்னது போலீசுக்குப் போகாது. வெளியாகும் கணக்கில் பெயரும் இருக்காது.

இப்போது உங்கள் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் மற்றவர்களுக்கும் மனம் தளரும். பூச்சி மருந்து இருந்தால் வீட்டுக்குள் வைக்காமல் வேறு இடத்தில் பூட்டி, சாவியை ஒருவர் மட்டும் வைத்திருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். அந்த வேகம் பலருக்குச் சில நிமிடத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். யாராவது ‘நான் இருந்து என்ன பண்ணப் போகிறேன்’ என்றால் அதட்டாதீர்கள். ‘சாகணும் போல இருக்கா?’ என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 104 தமிழ்நாடு அரசின் உதவி எண். இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி (கஸ்பா, வேலூர்): குழந்தைக்கு ஆராய்ச்சி என்று மலமும் ரத்தமும் எடுக்க வருகிறார்கள். மாமியார், ‘நம்ம புள்ள என்ன சோதனை எலியா’ என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லக்கூடாதும்மா. அது உங்கள் முடிவு. என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

கையெழுத்துக்கு முன்னால் ஒரு தகவல் தாள் தருவார்கள். அது தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதென்றால் ஆராய்ச்சியோடு சம்பந்தம் இல்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு படித்துக் காட்ட வேண்டும். என்ன எடுப்பார்கள், எத்தனை முறை, எவ்வளவு ரத்தம், எதற்காக என்று அதில் இருக்கும். ‘எவ்வளவு ரத்தம்’ என்று கேட்டால் ‘கொஞ்சம்தான்’ என்பது பதில் ஆகாது. மில்லி கணக்கில் சொல்லச் சொல்லுங்கள், ஸ்பூனில் காட்டச் சொல்லுங்கள். தாளின் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். ஆராய்ச்சி நடத்தும் டாக்டரின் எண்ணும், ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் எண்ணும் அதில் இருக்கும். குழந்தைக்கு ஏழு வயது தாண்டியிருந்தால் குழந்தையிடமும் சம்மதம் கேட்க வேண்டும்.

நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினால் வைத்தியம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் அது தவறு. நெறிமுறைக் குழுவுக்கு போன் செய்யுங்கள். புது மருந்தோ தடுப்பூசியோ சோதிப்பதாக இருந்தால், 2009 முதல் அதை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பரிசோதனையால் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியமும் இழப்பீடும் உண்டு என்று 2019-ல் வந்த விதிகள் சொல்கின்றன.

மாமியார் கேட்டதில் தப்பே இல்லை. பயப்படும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில்தான் ஆராய்ச்சி செய்பவர்களும் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி (அதே பகுதி): எங்கள் தெருக் குழந்தைகளிடம் முன்பு வருடக்கணக்கில் எடுத்தார்களே, அதனால் என்ன நடந்தது?

உங்கள் தெருவுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

2002 முதல் வேலூரின் மூன்று நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் வராவிட்டாலும் மாதிரி எடுத்தார்கள். கடைசி வரை இருந்தவர்கள் 373 குழந்தைகள். ரோட்டா வைரஸ் என்று ஒரு கிருமி, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குப் பெரிய காரணம். மெக்சிகோவில் செய்த ஆராய்ச்சியில், இரண்டு முறை அந்தக் கிருமி வந்துபோன குழந்தைக்கு அதன்பின் கடுமையாக வரவில்லை. வேலூர்க் குழந்தைகளிலோ மூன்று முறை வந்துபோன பின்பும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். 2011-ல் இது வெளியானது. அப்போது சி.எம்.சி.யில் இருந்த டாக்டர் ககன்தீப் காங்கின் குழு செய்த வேலை.

இங்கே போலியோவிலும் இதே கதைதான். சி.எம்.சி.யில் வைரஸ் கிருமிகளை ஆராய்ந்த டாக்டர் டி.ஜேக்கப் ஜான் 1970-களின் தொடக்கத்திலேயே, மூன்று முறை சொட்டு மருந்து கொடுத்தும் வேலூர்க் குழந்தைகள் பலருக்கு எதிர்ப்பு சக்தி வரவில்லை என்று கண்டுபிடித்தார். மேல்நாட்டில் மூன்று போதும் என்றால் இங்கேயும் மூன்று போதும் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வருடந்தோறும் ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுப்பது என்ற வழியை அவர் வேலூரில் செய்து பார்த்தார். 1995 முதல் நாடு முழுக்க அதுதான் போலியோ ஞாயிறு ஆனது. 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்ததுதான் இந்தியாவில் இயற்கையாகப் பரவும் கிருமியால் வந்த கடைசி போலியோ. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

வயிறு வழியாகப் போகும் மருந்து நம் குழந்தைகளிடம் வேறு மாதிரி வேலை செய்கிறது. நம் குழந்தைகளைப் பார்த்தால்தான் அது தெரியும். ஆராய்ச்சி நம் ஊரில் நடக்க வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான். கஸ்பா, சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம் தாய்மார்கள் அன்று கதவைத் திறந்துவிட்டதால், இன்று எங்கோ ஒடிசாவில் ஒரு குழந்தைக்குச் சரியான கணக்கில் சொட்டு மருந்து கிடைக்கிறது.

கேள்வி (ஆற்காடு): அந்த ரோட்டா சொட்டு மருந்தால் குடல் மடிந்துகொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?

பழைய வெளிநாட்டுத் தடுப்பு மருந்து ஒன்றில் அந்தப் பிரச்சினை உண்மையிலேயே வந்தது. 1999-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் பயம் கற்பனை இல்லை. இந்தியாவில் தயாரான மருந்தை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ஏறக்குறைய 54 சதவீதம் தடுத்தது. குடல் மடிப்பு மாதிரி அபூர்வமாக வருவதைக் கண்டுபிடிக்க அந்த எண்ணிக்கை போதாது என்று அப்போது சிலர் கேள்வி எழுப்பினார்கள், நீதிமன்றம் வரை போனது. கேட்டது சரிதான். மருந்து நடைமுறைக்கு வந்தபின் நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் குடல் மடிப்போடு வந்த குழந்தைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். மருந்துக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2020-ல் முடிவு வந்தது.

தமிழ்நாட்டில் 2017 முதல் அரசுப் பட்டியலில் இருக்கிறது. ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில் இலவசம். தவறாமல் போடுங்கள். எந்தக் குழந்தையாக இருந்தாலும், விட்டு விட்டு வீறிட்டு அழுது, பச்சையாக வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தச் சளி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தடுப்பு 54 சதவீதம் என்றால் மீதிக்கு என்ன வழி? ஓ.ஆர்.எஸ். ஒரு பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போட்டுக் கலக்குவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். உப்பு கூடினால் கெடுதல். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், பதினான்கு நாள். மூன்றாம் நாள் பேதி நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே கூடாது.

கேள்வி (சத்துவாச்சாரி): வருடத்துக்கு இரண்டு தடவை பையனுக்கு டைபாய்டு என்று ஊசி போடுகிறார்கள். ரத்தத்தில் ‘கிருமி இருக்கு’ என்று ரிப்போர்ட் வருகிறது. ஏன் போகவே மாட்டேன் என்கிறது?

அந்த ரிப்போர்ட் வைடால் டெஸ்டாக இருக்கும். அது கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பைத்தான் பார்க்கும். முன்பு எப்போதோ வந்த காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும்கூட அது பாசிட்டிவ் காட்டும். அதை மட்டும் நம்பி ஊசி போட்டுக்கொண்டே போவது சரியில்லை. ஊசி, மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன், ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்பதையும் அது சொல்லிவிடும்.

ஆனால் வேலூரில் டைபாய்டு நிஜமாகவே அதிகம். சில வருடங்களுக்கு முன் டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகர்ப்பகுதிகளில் குழந்தைகளை வாரந்தோறும் விசாரித்து, காய்ச்சல் வந்தால் கல்ச்சர் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஊரிலுமே லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு ஐந்நூறுக்கும் மேல் வந்தது. குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒரு முறை வரும், டிரம்மிலும் சின்டெக்சிலும் பிடித்து வைப்போம், கை விட்டு மொள்ளுவோம். அங்கேதான் நுழைகிறது. கொதிக்க வைத்த தண்ணீர், மொள்ளுவதற்கு நீளக் கைப்பிடி போட்ட குவளை, சாக்கடை ஓரத்துக் குழாய்க்கு மாற்று. மூன்றாவது உங்கள் கையில் இல்லை, கவுன்சிலரிடம் எழுதியே கொடுங்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்குப் போடும் புதுவகை டைபாய்டு தடுப்பூசி ஒன்றும் இருக்கிறது, பெரும்பாலும் தனியாரில்தான். குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (குடியாத்தம் அருகே, விவசாயி): மழை முடிந்தால் எங்கள் பக்கம் விடாத காய்ச்சல் வருகிறது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்கிறார்கள். போன வருடம் பக்கத்து நிலத்துக்காரர் மூச்சுத் திணறி ஐ.சி.யூ. வரை போய் வந்தார். பூச்சி கடித்ததால் என்றார்கள்.

ஸ்க்ரப் டைபஸ் ஆக இருக்கும் ஐயா. நம் மாவட்டத்தில் மழைக்குப் பிறகும் பனிக்காலத்திலும் நிறைய வரும். புதர், வரப்பு, புல்வெளியில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சின்ன உண்ணிக் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்தது தெரியாது, அரிப்புகூடப் பலருக்கு இருக்காது.

ஒன்று நீங்களே செய்யலாம். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு படும் இடம், பெண்களுக்கு மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால். பீடி நெருப்பால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், வலியே இருக்காது. வலிக்காததால் யாரும் சொல்ல மாட்டார்கள், வெட்கத்தால் காட்டவும் மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

ஆரம்பத்திலேயே கண்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே போதும். முற்றிய நோயாளிகளுக்கு எது நல்லது என்று சி.எம்.சி. டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் வேலூர் உள்பட இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, தனித்தனியாக ஏற்றுவதைவிட நன்றாக வேலை செய்தது. 2023-ல் வெளியானது. உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் மாதிரி ஆட்களுக்கு நேராகப் பயன்படுகிற கண்டுபிடிப்பு.

களை எடுத்துவிட்டு வந்ததும் குளியுங்கள், துணியை அன்றே துவையுங்கள். புல்தரையில் துணி உலர்த்துவதும், வெறுந்தரையில் படுப்பதும் வேண்டாம். வீட்டை ஒட்டிய புதரை வெட்டிவிடுங்கள்.

கேள்வி (கே.வி.குப்பம் அருகே ஒரு கிராமம்): அப்பா 1971-ல் பிறந்தவர். சின்னப் பிள்ளையில் எடை, உயரம் எடுத்தார்களாம். இத்தனை வருடம் கழித்தும் கூப்பிட்டு சுகர் பார்க்கிறார்கள். ஏன் இவரை மட்டும்?

அப்பா ரொம்ப முக்கியமான ஆள், தம்பி. 1969 முதல் 1973 வரை வேலூர் டவுனிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைப் பிறந்த எடையிலிருந்து பதிந்துவைத்தார்கள். பெரியவர்கள் ஆனபின் தேடிப் பிடித்துச் சுகர் பார்த்தார்கள். சின்ன வயதில் ஒல்லியாக இருந்து, வளர்ந்தபின் வேகமாக எடை போட்டவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. இதை ஐம்பது வயதில் ஒருவரைப் பிடித்துக் கேட்டு எழுத முடியாது, பிறந்த அன்று எழுதிய எடை வேண்டும். அப்பாவைத் தவறாமல் போகச் சொல்லுங்கள். நீங்களும் முப்பது தாண்டியிருந்தால் சுகரும் பிரஷரும் பாருங்கள்.

கேள்வி (துபாயிலிருந்து): அம்மா லத்தேரியில் தனியாக இருக்கிறார். சுகர், முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். கே.வி.குப்பம் ஒன்றியத்தில் சில கிராமங்களில் ரூசாவின் முதியோர் மையங்கள் இருக்கின்றன. தனியாக இருக்கும் பெரியவர்கள் பகலில் கூடி, சாப்பிட்டு, பேசிவிட்டுப் போவார்கள். அம்மாவுக்கு மாத்திரை அளவுக்கு அதுவும் தேவை. பக்கத்து வீட்டில் யாரையாவது ஒரு முறை கூட்டிப்போய் விடச் சொல்லுங்கள், அப்புறம் அவரே போவார்.

கேள்வி (வாலாஜா, சிறிய கிளினிக் நடத்தும் டாக்டர்): காய்ச்சல், பேதி என்று வருவதை அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறார்கள். தினம் எழுபது பேரைப் பார்க்கிறேன். நான் சொல்லி என்ன ஆகும்?

டாக்டர், இதற்கு நம் வட ஆற்காட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1980-களில் ஜேக்கப் ஜான் முன்கை எடுத்து, அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டும் சேர்ந்து நோய்களைத் தெரிவிக்கும் ஏற்பாடு மாவட்டம் முழுக்க நடந்தது. வந்த தகவலைத் தொகுத்து மாதம் ஒரு மடலாகத் திரும்பவும் டாக்டர்களுக்கே அனுப்பினார்கள். அந்த மடல்தான் உயிர். தான் எழுதிய மூன்று காலரா கேஸ் பக்கத்து ஊரின் நான்கோடு சேர்ந்து என்ன ஆனது என்று தெரிந்தால் யாரும் அடுத்த மாதமும் எழுதுவார்கள். நாடு முழுக்க நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-ல்தான் வந்தது. நீங்கள் அனுப்புங்கள், தொகுத்ததைத் திருப்பி அனுப்பச் சொல்லி மாவட்ட அதிகாரியிடம் கேளுங்கள். எழுபது பேரில் ஐந்து பேர் ஒரே தெருவிலிருந்து பேதியோடு வந்தால் அது உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கேள்வி (கரிகிரி அருகே): கையில் வெளிறிய தேமல், தொட்டால் உணர்ச்சி இல்லை. தேமல் மருந்து தடவினேன், போகவில்லை.

தடவுவதை நிறுத்திவிட்டு இந்த வாரமே போய்க் காட்டுங்கள். உணர்ச்சி இல்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம். 1955-ல் தொழுநோய்க்காகவே தொடங்கிய ஆஸ்பத்திரி உங்கள் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. மருந்து இலவசம், வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். சாப்பிட ஆரம்பித்துவிட்டால் மற்றவருக்குப் பரவாது. இப்போதே பார்த்தால் கை மடங்காது, விரல் போகாது. வீட்டில் எல்லோரையும் ஒரு முறை காட்டுங்கள்.

கேள்வி (திமிரி): எங்கள் ஒன்றியத்தில் பெரியவர்கள், சிறியவர்கள் எல்லோருக்கும் குடற்புழு மாத்திரை கொடுத்து ஆராய்ச்சி செய்தார்கள். வந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். முடிவை எங்களுக்கு யார் சொல்வார்கள்?

வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் புழு மண்ணில் தங்கிவிடுகிறதா, ஊர் முழுக்கக் கொடுத்தால் பரவுவதே நின்றுபோகுமா என்று பார்ப்பதுதான் அந்த ஆராய்ச்சி. திமிரியோடு ஜவ்வாது மலையிலும், ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் நடந்தது.

முடிவைச் சொல்வது அவர்கள் கடமை, கேட்பது உங்கள் உரிமை. ஆங்கில இதழில் வந்துவிட்டது என்பது ஊருக்குச் சொன்னதாக ஆகாது. இந்த விஷயத்தில் எங்கள் ஆட்களே இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். ரத்தம் எடுக்க வீடு வீடாகப் போக முடிகிறது என்றால், முடிவைச் சொல்லவும் போக முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கையெழுத்துப் போட்ட தாளின் பிரதி யார் வீட்டிலாவது இருக்கும், அதில் துறையின் பெயரும் எண்ணும் இருக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வந்து தமிழில் விளக்குங்கள் என்று ஊராட்சித் தலைவர் கையெழுத்தோடு அந்தத் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் ஊரில் என்ன கண்டீர்கள், அதனால் அரசாங்கம் எதை மாற்றியது, எங்களிடம் எடுத்த மாதிரிகள் இப்போது எங்கே இருக்கின்றன. என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், அடுத்த முறை சேர்த்துப் போடுகிறேன்.